ஊர் திரும்பிய ஆசிரியர்களின் கேள்விகள்

மாலத்தீவில் எட்டு வருடம் கணக்கு எடுத்தேன். வகுப்புக்கு இருபது பிள்ளைகள்தான். இங்கே மெட்ரிக் பள்ளியில் ஐம்பது பேர். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடுகிறது. ஸ்டாஃப் ரூமில் வாயைத் திறந்தால் “மாலத்தீவு டீச்சர் ஆரம்பிச்சுட்டாங்க” என்று சிரிப்பு வேறு. - கோபிசெட்டிபாளையம்

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், முதலில் தொண்டையைப் பாருங்கள். ஐம்பது பேருக்கும் கேட்கிற மாதிரி நாள் முழுக்கப் பேச யாராலும் ஆகாது. கணக்கைப் போர்டில் எழுதிவிட்டு, பெஞ்சுக்கு ஒரு பிள்ளையை எழுப்பி அடுத்த வரியைச் சொல்லச் சொல்லுங்கள். நோட்டும் ஒரே நாளில் திருத்த வேண்டாம், தினம் ஒரு வரிசை போதும். 2018-க்கு முன்பே கிளம்பியவர் என்றால் பாடப்புத்தகங்களையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள். அந்த வருடம் தொடங்கிப் படிப்படியாக எல்லாமே மாறிவிட்டன. பிளஸ் டூ மதிப்பெண்ணே 1200 போய் 600 ஆகிவிட்டது. அப்புறம், “அங்கேயெல்லாம்...” என்று தொடங்கும் பேச்சைக் கொஞ்ச நாள் ஒத்திப்போடுங்கள். அங்கே கற்றதை வகுப்பில் செய்து காட்டினால், பக்கத்து வகுப்பு டீச்சரே வந்து கேட்பார்.

நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் நல்ல சம்பளம் சொல்கிறார்கள். சேரலாமா? - ராசிபுரம்

சம்பளத்தை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். விடியற்காலை ஸ்டடி, ராத்திரி ஸ்டடி, ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட், இதெல்லாம் யார் பொறுப்பு? கேட்டு, ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. ஜெராக்ஸ் போதும். வருடக் கடைசியில் வேலையை விட நினைக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

ஏழாவது சேர்ந்திருக்கும் பையனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. - காங்கேயம்

ஸ்டேட் போர்டு என்றால் பத்தாவது வரை தமிழ் கட்டாயம், தள்ளிப்போட வழியில்லை. காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் பல்லடம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலை என்று போர்டுகளை வாசிக்க விடுங்கள். அம்மாயி கடைக்குச் சொல்லும் சாமான் சீட்டை அவனே எழுதட்டும். தப்பாக எழுதினால் தப்பான சாமான்தான் வரும், நீங்கள் திருத்தப் போகாதீர்கள்.

வெளிநாட்டில் இருந்தபோது சம்பாதித்ததைப் போட்டுவைத்த என்ஆர்இ வங்கிக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? - பொள்ளாச்சி

கூடாதுங்க. நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கியில் சொல்லி, உள்ளூர்க் கணக்காகவோ, திரும்பி வந்தவர்கள் பணத்தை வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்துக்கொள்ளும் ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்ற வேண்டும். டெபாசிட்டை முதிர்வு வரை அதே வட்டியில் விட்டுவைக்கலாம். ஆனால் திரும்பிய பிறகு சேரும் வட்டிக்கு வரிவிலக்கு கிடையாது. பழைய பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள் என்று ஆடிட்டர் அதைப் பார்த்துத்தான் எண்ணுவார்.