பாஸிடம் கேளுங்கள்: கார் பார்க்க ஐரோப்பா

கேள்வி: நானும் மகனும் (வயது 15) கார்ப் பைத்தியங்கள். வருகிற ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் இரண்டு கிழமை ஐரோப்பா போய் கார் நூதனசாலைகளையும், முடிந்தால் தொழிற்சாலைகளையும் பார்க்க யோசனை. ஸ்டுட்கார்ட், ம்யூனிக், வொல்ஃப்ஸ்பர்க், டூரின், மரனெல்லோ, பாரிஸ், லண்டன் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். பிராங்பர்ட்டில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. மனைவியும் வருகிறார். அவருக்குக் காரில் ஈடுபாடு இல்லை. சரிவருமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, பட்டியல் நல்லது, மாதம்தான் பிழை. ஐரோப்பாவில் பல கார்த் தொழிற்சாலைகள் கோடையில் சில கிழமைகள் மொத்தமாக மூடப்படும். வேலையாட்கள் ஒன்றாக லீவில் போவார்கள். பழைய இயந்திரத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதும் அப்போதுதான். இத்தாலியில் ஓகஸ்ட் 15ஐச் சுற்றிப் பாதி நாடே கடற்கரையில் கிடக்கும். நூதனசாலை திறந்திருக்கும், ஆலைதான் ஓடாது. ஓடாத ஆலைக்குப் போவது, தகரச் சத்தம் அடங்கிய பிறகு கொத்து ரொட்டிக் கடைக்குப் போவது மாதிரி.

சித்திரைப் புதுவருட விடுமுறையில் போகப் பாருங்கள். உயிர்த்த ஞாயிறு எப்போது வருகிறது என்று மட்டும் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அதை ஒட்டிய வெள்ளியும் திங்களும் ஜேர்மனியில் பொது விடுமுறை.

முதலில் பதிய வேண்டியது விமான டிக்கெட் அல்ல, தொழிற்சாலைச் சுற்றுலா. சனி ஞாயிறு பெரும்பாலும் கிடையாது, ஒரு குழுவில் கொஞ்சப் பேர்தான், ஆங்கிலத்தில் விளக்கும் நேரங்கள் அதிலும் குறைவு. அந்தத் திகதி கிடைத்த பிறகு ரயிலையும் ஹொட்டேலையும் அதற்கேற்ப வளைக்கலாம். ரயிலுக்கேற்ப தொழிற்சாலை வளையாது.

இனிப் பட்டியலை வெட்டுகிறேன், கோபிக்க வேண்டாம். லண்டனுக்குத் தனி விசா, அது வேறு செலவு, இந்தப் பயணத்தில் வேண்டாம். பாரிஸை மனைவியோடு இன்னொரு முறை போய்ப் பாருங்கள், காரைச் சொல்லி அந்த ஊரைக் கெடுக்காதீர்கள். ஃபொக்ஸ்வாகன் ஊரான வொல்ஃப்ஸ்பர்க்கில் தலா 400 கார்கள் நிற்கும் இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள் இருக்கின்றன, பார்க்க அருமை, ஆனால் ஊர் வடக்கே தூரத்தில். மிச்சம் ஜேர்மனியின் தெற்கும் வட இத்தாலியும். இரண்டு கிழமைக்கு அதுவே தாராளம்.

ஷெங்கன் விசாவை (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) அதிக இரவு தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும், உங்களுக்கு ஜேர்மனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. மகனுக்கு 12 தாண்டிவிட்டதால் சலுகை இல்லை. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும்.

பிராங்பர்ட்டில் அண்ணன் வீட்டுச் சோறு முடிந்ததும் ரயிலேறி மன்ஹைம் போங்கள். அந்த ஊர்க்காரர் கார்ல் பென்ஸ், முதல் கார் என்று சொல்லப்படும் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886 ஜனவரி 29இல். வண்டி வந்தது, வாங்க ஆள் வரவில்லை. 1888 ஓகஸ்டில் அவர் மனைவி பெர்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்கு ஓட்டிப் போனார், நூறு கிலோமீற்றருக்கு மேல். மூத்தவனுக்கு உங்கள் மகனின் வயதுதான். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். எரிபொருள் தீரவே வீஸ்லொக் ஊர் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரைப் பிடித்துத் தோல் அடித்துக்கொண்டார். பிரேக் லைனிங்கின் ஆரம்பம் அதுதான். நாற்பது வருடம் கொழும்பு பஞ்சிகாவத்தை கராஜில் பிரேக் மாற்றிய எனக்கு இந்தக் கதை ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது, வெட்கம். காரில் ஈடுபாடில்லாத உங்கள் மனைவிக்கு இதை விமானத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஸ்டுட்கார்ட், மூன்று நாளாவது வேண்டும். மெர்சிடிஸ் நூதனசாலையில் லிஃப்டில் உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள், அங்கிருந்து சுருள் பாதையில் இறங்கி வர வேண்டும். மேலே முதலில் நிற்பது கார் இல்லை, ஒரு குதிரை! எல்லோரும் பந்தயக் கார்களைப் படமெடுக்க ஓடுவார்கள். நீங்கள் பக்கத்து அறைகளில் நிற்கும் லொறி, பஸ், தீயணைப்பு வண்டிகளையும் பாருங்கள். எனக்குப் பிடித்தது அவைதான், உழைத்த வண்டிகள். போர்ஷே நூதனசாலை புறநகர் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே, வழி கேட்கத் தேவையில்லை.

திங்கட்கிழமையை மறக்காதீர்கள். 2018இல் தங்கச்சியைப் பார்க்க அந்த ஊருக்குப் போனபோது, வந்து இறங்கிய மறுநாளே ஒரு நூதனசாலை வாசலில் போய் நின்றேன். கதவு பூட்டு. திங்கள். நான் பார்க்கவில்லை, என் பிழை. மச்சான் ஒன்றும் சொல்லாமல் காரைத் திருப்பி சின்ஸ்ஹைமுக்கு விட்டார். அங்கே தொழில்நுட்ப நூதனசாலை வருடம் முழுவதும் திறந்திருக்கும். கூரைக்கு மேல் கொன்கோர்ட் விமானமும் ரஷ்யாவின் டுபலேவ் 144உம் அருகருகே நிற்கின்றன, உள்ளே ஏறலாம். மூடிய கதவுக்கு நன்றி சொன்னேன். ஸ்டுட்கார்ட்டின் மெர்சிடிஸ், போர்ஷே, ம்யூனிக்கின் பிஎம்டபிள்யூ மூன்றின் நூதனசாலைகளுக்கும் திங்கள் ஓய்வு, அந்த நாளை சின்ஸ்ஹைமுக்குக் கொடுங்கள்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஊர் ஒன்று: முலூஸ். பிரான்சின் கிழக்கோரம், சுவிஸ் எல்லைக்குப் பக்கம். ஷ்லும்ப் சகோதரர்கள் அங்கே கம்பளி நூற்பாலை நடத்தினார்கள். தம்பி ஃபிரிட்ஸுக்கு புகாட்டி கார் மோகம். ஆலை மண்டபத்துக்குள் வெளியாருக்குக் காட்டாமல் நூற்றுக்கணக்கில் கார் சேர்த்தார். வியாபாரம் விழுந்தது, சகோதரர்கள் சுவிசுக்கு ஓடினார்கள். 1977இல் தொழிலாளர்கள் உள்ளே புகுந்தபோதுதான் ஆலைக் காசு எங்கே போனதென்று விளங்கியது. இரண்டு வருடம் இடத்தைப் பிடித்துவைத்து ஊர் மக்களுக்குக் காட்டினார்கள். 1982இல் நூதனசாலையாகத் திறந்தது. 400க்கு மேல் கார்கள், அதில் நூற்றுக்கு மேல் புகாட்டி. மொத்தம் ஆறே ஆறு செய்யப்பட்ட புகாட்டி ரோயல் வகையில் இரண்டு இங்கே. அதன் எஞ்சின் 12.7 லீற்றர், நம் தெருவில் ஓடும் 800 சிசி ஆல்ட்டோ பதினாறைச் சேர்த்தால் வரும் அளவு. மண்டபம் முழுக்க பாரிஸ் பாலமொன்றின் விளக்குத் தூண்களின் நகல்கள், அதையும் அந்தத் தம்பிதான் போடவைத்தார். கம்பனி நூதனசாலைகள் தங்களைப் பற்றி நல்லதைத்தான் சொல்லும். இங்கே முதலாளியின் பேராசையும் சேர்ந்தே கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது.

இத்தாலியில் டூரின் போதும். லிங்கொட்டோ கட்டிடம் பழைய ஃபியட் தொழிற்சாலை. 1923இல் திறந்தது. கீழ்த்தளத்தில் தொடங்கி மாடி மாடியாக ஏறி, கூரைக்கு வரும்போது கார் முழுதாகியிருக்கும். அங்கேயே கூரையில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கூரை இன்று தோட்டம், மனைவிக்குப் பிடிக்கும். மரனெல்லோவில் நூதனசாலை உண்டு, ஆனால் ஃபெராரி தொழிற்சாலையை பஸ்ஸில் இருந்தபடிதான் சுற்றிக் காட்டுவார்கள், இறங்க விடமாட்டார்கள். கூண்டுக்குள் இருந்து பிரியாணி மணப்பது மாதிரி. நான் போகமாட்டேன்.

கேள்வி: தொழிற்சாலைக்குள் படம் எடுக்கலாமா? எதைக் கவனிப்பது?
– கொட்டாஞ்சேனை மாணவர்

பதில்: கமராவும் போனும் உள்ளே ஆகாது. மூடிய சப்பாத்து போட்டுப் போங்கள், நடை நிறைய. ம்யூனிக்கில் பிஎம்டபிள்யூ ஆலை நகருக்குள்ளேயே இருக்கிறது, வசதி. ரோபோ பொறி பறக்க ஒட்டுவதை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் மேலிருந்து காரின் உடற்கூடு இறங்கி, கீழே எஞ்சினும் சில்லுத் தொகுதியும் வந்து சேரும் இடத்தில் நில்லுங்கள். ஜேர்மன்காரர் அதைக் கல்யாணம் என்கிறார்கள். நம் கராஜில் அதே வேலைக்கு ஆறு பேர், ஒரு செயின் புளொக், ஒரு மணித்தியாலத் திட்டு.

கேள்வி: ரயிலுக்குப் பதிலாக அங்கே கார் வாடகைக்கு எடுத்து ஓட்டலாமா?
– தெஹிவளை வாசகர்

பதில்: ஓட்டலாம். சர்வதேச அனுமதிப் பத்திரத்தை இங்கேயே இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் எடுத்துப் போங்கள். வலப்பக்கம் ஓட்டுவது இரண்டாம் நாள் பழகிவிடும், முதல் நாள் வட்டச் சந்தியில் உயிர் போய் வரும். இத்தாலியில் பல ஊர்களின் நடுப்பகுதிக்குள் வெளியார் கார் நுழைந்தால் கமரா பிடித்துவிடும். என் மச்சானுக்கு அபராதக் கடிதம் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து வந்தது, ஒன்றல்ல, மூன்று. ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி பார்க்கிங் தேடியிருக்கிறார்.