டிஸ்டிங்விஷ்ட் யங் விமன் அழகிப் போட்டியா? மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

அழகிப் போட்டி இல்லை, பள்ளி மாணவிகளுக்கான உதவித்தொகைப் போட்டி. அமெரிக்காவில் அலபாமாவின் மொபீல் நகரில் 1958இல் தொடங்கியது. 2010 வரை ஜூனியர் மிஸ் என்ற பெயரில் நடந்ததால்தான் இந்தக் குழப்பம். நீச்சலுடைச் சுற்றெல்லாம் கிடையாது. பள்ளி மாணவிகளின் கல்லூரிச் செலவுக்கு உதவித்தொகை தருவதுதான் நோக்கம். பின்னாளில் டிவி செய்தியாளராகப் புகழ்பெற்ற டயான் சாயர் 1963இல் வென்றவர்.

படிப்புக்கும் நேர்காணலுக்கும் தலா 25 சதவீதம், தனித்திறமைக்கு 20, உடற்தகுதிக்கும் மேடைப் பேச்சுக்கும் தலா 15. படிப்பை மேடையில் யாரும் சோதிப்பதில்லை. மார்க் விவரங்களையும் பாடங்களின் கடினத்தையும் கல்வியாளர்கள் தனியாகப் பார்த்து முடித்துவிடுவார்கள்.

நேர்காணல்தான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். நடுவர்கள் எதிரே உட்கார்ந்து சுமார் பத்து நிமிடம் கேள்வி கேட்பார்கள். மனப்பாடம் செய்த பதில் அங்கே எடுபடாது, "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று அடுத்த கேள்வி வந்தாலே திணற வேண்டியதுதான். தனித்திறமைக்கோ 90 விநாடிதான். பியானோ வாசிக்கும் பெண் மெதுவான முன்னிசையை வெட்டிவிட்டு, விரல்வேகம் தெரியும் பகுதிக்கு நேராகப் போய்விடுவது நல்லது. அப்புறம் இன்னொன்று: போட்டியில் வெல்லாவிட்டாலும் தனிப்பிரிவில் முன்னிலை பெற்றால் அதற்கும் பணம் உண்டு. அதனால் கூச்சப்படும் பெண்களும் தாராளமாகச் சேரலாம்.