1988-ல் கையெழுத்து ஏன் மாறியது?

கேள்வி: எனக்கு வயது 61. 1981 முதல் 1995 வரை மாவட்ட லீகில் எங்கள் கிளப்புக்கு ஓப்பனிங் பேட்ஸ்மேன். எல்லாம் மேட்டிங் விக்கெட். 1988 சீசனில் மட்டும் 11 மேட்சில் 486 ரன், இரண்டு செஞ்சுரி. யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. இருப்பது பழைய ஸ்கோர் புக்குகள்தான். கிளப் கலைந்தபோது நான் வாங்கி வைத்துக்கொண்டேன். 1982 முதல் ஆறு வருஷம் என் தம்பி முத்து முத்தாக எழுதியிருப்பான். 1988-லிருந்து வேறு யாரோ எழுதியது, ஒரே கிறுக்கல், சில இடத்தில் என் ரன்னே குறைகிறது. அந்த வருஷம்தான் தம்பி ராணிப்பேட்டைக்கு டேனரி வேலைக்குப் போய்விட்டான். அது கிடக்கட்டும். ஜனவரியில் பழைய ஆட்டக்காரர்கள் எல்லாம் ஒன்றுகூடுகிறோம். மகனைக் கூப்பிட்டால், ‘நீ இன்னா ரஞ்சியா ஆடின?’ என்கிறான். மனைவி என் பேட், பேடு, கிளவுஸ் எல்லாவற்றையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். தம்பிகூட இப்போதெல்லாம் கிரிக்கெட் பார்ப்பதில்லை. என் ஆட்டத்தின் அருமையை என் குடும்பத்துக்கு எப்படிப் புரியவைப்பது?

– பெயர் வேண்டாம், சத்துவாச்சாரி, வேலூர். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: நீங்கள் எழுதியது நாலு பக்கம், சார். அதில் மூன்றரைப் பக்கம் ரன். மீதி அரைப் பக்கத்தைத்தான் நான் மூன்று தடவை படித்தேன்.

பழைய ஆட்டக்காரர்களின் கடிதங்களை ஒரு கவரில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன். ஆரணியிலிருந்து வாலிபால், திருப்பத்தூரிலிருந்து கபடி, குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேரம். ஆட்டம்தான் வேறு வேறு. பெண்டாட்டிக்கு அருமை தெரியவில்லை, பிள்ளை சிரிக்கிறான், கோப்பை பரண்மேல் கறுத்துக் கிடக்கிறது, எல்லாக் கடிதத்திலும் இதேதான். ஆறுதலாக நாலு வரி எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடலாம். உங்களுக்கு அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை.

மகன் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அவன் கேட்டது மரியாதைக் குறைவுதான். 2016-ல் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) வந்ததிலிருந்து பசங்களுக்கு டிவியில் வந்தால்தான் கிரிக்கெட். தரையில் ஆணியடித்து இழுத்துக் கட்டிய தேங்காய்நார் மேட்டில் பந்து எப்படி எகிறும் என்று அவனுக்குத் தெரியாது. அதில் ஹெல்மெட் இல்லாமல் 14 வருஷம் முதல் பந்தை வாங்க நின்றவர் நீங்கள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பேட்டை உங்கள் மனைவி பழைய சாமானில் போட்டது பற்றிக் கேட்டால், முப்பது வருஷம் அதற்குத் தூசு தட்டியவருக்கு அந்த உரிமை உண்டு.

இப்போது ஸ்கோர் புக்குக்கு வருகிறேன். ‘அது கிடக்கட்டும்’ என்று தாண்டிப் போகிறீர்கள். கிடக்க விடமாட்டேன்.

ஸ்கோர் எழுதுவது என்றால் என்ன வேலை என்று என் அக்கா பையனைக் கேட்டேன். காலேஜில் எழுதியவன். ரன் வந்த ஒவ்வொரு பந்துக்கும் மூன்று இடத்தில் பேனா பட வேண்டுமாம். பேட்ஸ்மேன் வரிசையில் ஒன்று, பௌலர் கட்டத்தில் ஒன்று, மொத்த ரன்னை அடித்துக்கொண்டே போகிற எண்களில் ஒன்று. ரன் வராவிட்டால் புள்ளி. ஓவர் முழுக்கப் புள்ளியாக இருந்தால் ஆறு புள்ளியையும் கோடு இழுத்துச் சேர்த்து ‘எம்’ ஆக்க வேண்டும், அது மெய்டன். உங்கள் லீக் 30 ஓவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்தால் 360 பந்து. ஒரு பந்துக்குக்கூடத் தலையைத் திருப்ப முடியாது. வேலூர் வெயிலில், 1982-ல் 13 வயதுப் பையன் ஒருவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், ஆறு வருஷம். சாயங்காலம் மேட்டிலிருந்து ஆணி பிடுங்குவதும் அவன்தான் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அவன் எப்போதாவது பேட் பிடித்தானா? நாலு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கபில்தேவையும் இழுத்திருக்கிறீர்கள். 1983 உலகக் கோப்பை, ஜூன் 18, இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ், 17 ரன்னுக்கு 5 விக்கெட் போய், அப்புறம் அவர் அடித்த 175 நாட் அவுட். அதற்கும் வீடியோ கிடையாது, ‘என் இன்னிங்ஸ் மாதிரியே’ என்று. (உங்கள் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.) வீடியோ இல்லாத அந்த ஆட்டம் 138 பந்தில் 175 என்று இன்றைக்கும் ஊருக்கே தெரிகிறதே, எப்படி? ஒருவர் உட்கார்ந்து எழுதினார், அதனால். உங்களுக்கும் ஒருவர் எழுதினார். அவர் 1988-ல் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஏன்?

உங்கள் மூன்றாம் பக்கத்திலிருந்தே பதிலை எடுக்கிறேன். அப்பா 1987 கடைசியில் தவறிவிட்டார். உங்களுக்கு 23, தம்பிக்கு 18, கீழே ஒரு தங்கை. நீங்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு முயன்றுகொண்டிருந்தீர்கள். 1991-ல் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைத்தது. அதுவரை, உங்கள் வார்த்தையிலேயே சொன்னால், ‘குடும்பம் எப்படியோ ஓடியது, தங்கை கல்யாணமும் நடந்தது.’

எப்படியோ ஓடியதா? குடும்பம் தானாக ஓடாது சார். கல்யாணமும் தானாக நடக்காது. மண்டபத்துக்காரரும் சமையல்காரரும் முன்பணம் கேட்பார்கள். தாலிக்கு ஒருவர் தங்கம் வாங்க வேண்டும். 1988-லிருந்து 1991 வரை அந்த வீட்டில் வாரச் சம்பளம் கொண்டுவந்தது ஒரே ஒரு ஆள். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் போன உங்கள் தம்பி. நீங்கள் 486 ரன் அடித்த சீசனும் அவர் முதன்முதலில் டேனரி வாசலில் பெயர் கொடுத்த வருஷமும் ஒன்று. இரண்டையும் ஒரே கடிதத்தில், இரண்டு வரி இடைவெளியில் எழுதிவிட்டு, சம்பந்தமில்லாத மாதிரி நகர்ந்துபோகிறீர்கள். கிறுக்கலாக இருக்கிறது என்றும், ரன் குறைகிறது என்றும் குறை வேறு. குறையத்தான் செய்யும். புதிதாக எழுத வந்தவருக்கு நீங்கள் பதினொரு பேரில் ஒருவர். தம்பிக்கு நீங்கள் அண்ணன்.

அடிபட்ட பேட்ஸ்மேனுக்குப் பதிலாக ஓடுகிறவனைப் பை-ரன்னர் என்பீர்களே. மூச்சிரைக்க ஓடுகிறவன் ஒருவன், ரன் போய்ச் சேருவது இன்னொருவர் கணக்கில். சர்வதேச ஆட்டங்களில் 2011-லேயே அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இருந்த காலத்திலும் அடிபட்டவனுக்குத்தான் ரன்னர் கொடுத்தார்கள். உங்களுக்கு எங்கே அடிபட்டிருந்தது?

டேனரி வேலை என்று இரண்டே சொல்லில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் சொந்தத்தில் ஒருவர் 26 வருஷம் அந்த வேலையில் இருந்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைத் தூக்கி, முடி எடுத்து, சதை வழிக்கிற இடம். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார், அப்படியும் நாற்றம் போகாது. ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கட்டை விரலை வைத்தார், எடுக்கவில்லை. வேட்டியில் துடைத்து வைத்தார். ஆள்காட்டி விரல், நடு விரல், இடது கை, ஒன்றும் எடுக்கவில்லை. கடைக்காரர், ‘ரேகையே இல்லியே தாத்தா’ என்றார். கடைசியில் பேத்தி வந்து விரல் வைத்துத்தான் அரிசி வாங்கினோம். முத்து முத்தாக எழுதுவான் என்றீர்களே, அந்தக் கையை அண்மையில் எப்போது பார்த்தீர்கள்?

இன்னொன்றும் கேட்கிறேன். 1996-ல் உச்ச நீதிமன்றம், கழிவுநீர் சுத்திகரிப்பு இல்லாத டேனரிகளை மூட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பாலாற்றுக்கு அந்தத் தீர்ப்பு வேண்டியிருந்தது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தச் சமயத்தில் உங்கள் தம்பிக்கு வேலை இருந்ததா, இல்லையா? அடுப்பு எரிந்ததா? உங்கள் கடிதத்தில் இல்லை. அதற்கு முந்தைய வருஷம் நீங்கள் ஆடிய கடைசி மேட்ச் மட்டும் இருக்கிறது. தேதி, எதிரணி, டாஸ், 23 ரன்னில் எல்.பி.டபிள்யூ., அம்பயர் தவறாகக் கை தூக்கிவிட்டார் என்பது வரைக்கும்.

என் கொள்கை பழையது, அதை மறைக்கமாட்டேன். அப்பா போய்விட்டால் மூத்தவன்தான் முதலில் வேலைக்குப் போக வேண்டும். ஆட்டத்தை விட்டிருக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை ஏதாவது ஒரு கடையில் கணக்கெழுதப் போயிருக்கலாம், சம்பளம் எத்தனை ஆனாலும். ‘ஆசையைத் துரத்தினேன்’ என்று இந்தக் காலத்தில் பெருமையாகச் சொல்கிறார்கள், நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். துரத்திய மூன்று வருஷமும் தட்டில் சோறு விழுந்ததே, அது யாருடைய கூலி? ‘அண்ணன் ஆடட்டும், நான் போறேம்மா’ என்று தம்பியே சொல்லியிருக்கலாம். சொல்லித்தான் இருப்பார், அப்படிப்பட்ட பிள்ளை போலத்தான் தெரிகிறது. அப்போது ‘போடா, நீ படிப்பை முடி’ என்று அதட்டுவதற்குத்தானே வீட்டில் அண்ணன் என்று ஒருவன் இருக்கிறான்?

அவர் கிரிக்கெட் பார்ப்பதில்லை என்பதை ஏதோ ரசனை போய்விட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கு 360 பந்து என்று ஆறு வருஷம் எண்ணியவர் சார் அவர். பிடிக்காமலா எண்ணினார்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஜனவரிக்கு முன்னால் மேல்விஷாரத்துக்குத் தம்பி வீட்டுக்குப் போங்கள். போனில் பேசி முடிக்கிற காரியமில்லை. 1982 முதல் 1987 வரையிலான புக்குகளை மட்டும் எடுத்துப் போங்கள். செஞ்சுரி அடித்த 1988 வீட்டிலேயே இருக்கட்டும். மகனைக் கூட்டிப் போங்கள். உங்கள் ஒன்றுகூடலுக்கு அவன் வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது, இதற்கு அவன் வர வேண்டும். சித்தப்பா என்றால் பொங்கலுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகிறவர் என்றுதான் அவனுக்குத் தெரியும்.

போய் உட்கார்ந்து புக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, ‘உனக்கு ஆடணும்னு ஆசை இருந்துச்சாடா?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இது உங்களுக்குக் கஷ்டம் என்று நாலு பக்கக் கடிதம் சொல்கிறது, ஆனாலும் முயலுங்கள். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் காப்பி குடித்துவிட்டு வந்து, அடுத்த வாரம் மறுபடி போங்கள். உங்கள் ஒன்றுகூடல் மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்திக் கணக்கை முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்பா கட்டிய வீட்டில் நீங்களும் வாடகை வீட்டில் அவரும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி நீங்கள் கேள்வி கேட்கவில்லை, அதனால் இந்த இதழில் நானும் கேட்கவில்லை.

ஸ்கோர் புக்கில் ஸ்கோரர் பெயர் எழுத ஒரு இடம் விட்டிருப்பார்கள் என்று அக்கா பையன் சொன்னான். அந்த ஆறு வருஷப் பக்கங்களில் அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். காலியாக இருந்தால் பேனாவும் எடுத்துப் போங்கள், நீங்கள் நிரப்ப வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். 56 வயதில் இப்போதும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இருக்கிறது என்று, அதே மூன்றாம் பக்கத்தில், நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.