அசெம்ப்ளியில் ஸ்ட்ரிங் நீளம் பார்க்க 'ரெப்னே ஸ்காஸ்பி' வேகமானதா?

இல்லை. ஸ்ட்ரிங்கின் முடிவில் இருக்கும் பூஜ்ய பைட்டைத் தேடும் எக்ஸ்86 கட்டளை அது. ஒரே வரியில் முடிவதால் வேகமாகத் தெரியும், அவ்வளவுதான். எக்ஸ்86 பிராசஸர்கள் ரெப் மூவ்ஸ் (நகலெடுப்பது), ரெப் ஸ்டோஸ் (நிரப்புவது) இரண்டையும் வேகப்படுத்தத் தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. ரெப்னே ஸ்காஸ்பிக்குப் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. உள்ளே மைக்ரோகோடு (கட்டளையைச் சிறு படிகளாக ஓட்டும் பிராசஸரின் உள்நிரல்) பைட் பைட்டாகத்தான் நகர்கிறது. நீங்கள் கையால் எழுதிய லூப்பே பல நேரம் அதை முந்திவிடும்.

வேகம் வேண்டுமென்றால் 16 பைட்டை ஒரே மூச்சில் பாருங்கள். 64 பிட் எக்ஸ்86 எல்லாவற்றிலும், அதற்கான எஸ்எஸ்இ2 கட்டளைத் தொகுதி உண்டு. ஒரு எக்ஸ்எம்எம் ரிஜிஸ்டரைப் (16 பைட் கொள்வது) பூஜ்யமாக்கி, ஸ்ட்ரிங்கின் 16 பைட்டை அதோடு பிசிஎம்பிஇக்யூபி கொண்டு ஒப்பிட்டு, பிமூவ்எம்எஸ்கேபி மூலம் 16 பிட் மாஸ்க் (பைட்டுக்கு ஒரு பிட், பூஜ்ய பைட் என்றால் 1) எடுங்கள். மாஸ்க் பூஜ்யமானால் அடுத்த 16. இல்லையென்றால், மாஸ்க்கின் முதல் 1 எங்கே என்று தேடும் பிஎஸ்எஃப் கட்டளை முதல் பூஜ்ய பைட்டின் இடத்தைச் சொல்லிவிடும்.

இங்கேதான் ஆபத்து. ஸ்ட்ரிங் ஒரு பேஜின் (மெமரியைப் பிரிக்கும் துண்டு) கடைசி 5 பைட்டில் இருந்து, அடுத்த பேஜ் மேப் ஆகாமல் (புரோகிராமுக்கு ஒதுக்கப்படாமல்) இருந்தால், அங்கிருந்து 16 பைட் படித்த உடனே புரோகிராம் விழும். பேஜ் 4096 பைட். அது 16-ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே 16-இன் மடங்கான முகவரியிலிருந்து மட்டும் படித்தால் பேஜ் எல்லையை ஒருபோதும் தாண்ட மாட்டோம். முகவரியின் கடைசி இலக்கம் 7 என்றால் (ஹெக்ஸில்தான்) அதை 0 ஆக்கிப் படியுங்கள். முன்னால் வந்த 7 பைட்டும் நம்முடையவை அல்ல, அவற்றில் பூஜ்யம் இருக்கலாம். மாஸ்க்கை வலப்பக்கம் 7 பிட் தள்ளினால் அவை உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகும் ஏதாவது பிட் மிஞ்சியிருந்தால், பிஎஸ்எஃப் தருவதே நீளம். சின்ன ஸ்ட்ரிங்குகள் பல இங்கேயே, லூப்புக்குள் போகாமலே முடிந்துவிடும். எனக்கு இந்த ரொட்டீனில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மிக நீளமான ஸ்ட்ரிங்குகளுக்கு மட்டும், 64-இன் மடங்கில் நின்று நான்கு 16 பைட் பிளாக்குகளை பிமின்யூபியால் (ஒவ்வொரு இடத்திலும் சிறிய பைட்டை எடுப்பது) ஒன்றாக்கி, 64 பைட்டுக்கு ஒரு பிராஞ்ச் என்று வைக்கலாம். எஸ்எஸ்இ4.2-இன் ஸ்ட்ரிங் ஒப்பீட்டுக் கட்டளையான பிசிஎம்பிஐஎஸ்டிஆர்ஐ இதற்கென்றே செய்ததுபோலத் தோன்றும். இந்த வேலைக்கு அது மெதுவானது, விட்டுவிடுங்கள்.

டெஸ்ட் செய்யும்போது அடுத்தடுத்து இரண்டு பேஜ் எடுத்து, இரண்டாவதை எம்புரொடெக்டால் (பேஜின் அனுமதியை மாற்றும் சிஸ்டம் கால்) படிக்க முடியாதபடி பூட்டுங்கள். 0 முதல் 64 வரை ஒவ்வொரு நீளத்துக்கும், முடிவுப் பூஜ்யம் முதல் பேஜின் கடைசி பைட்டில் விழும்படி ஸ்ட்ரிங்கை வைத்து ஓட்டுங்கள். சாதாரண டெஸ்டில் தப்பிக்கும் பிழை இதில் உடனே மாட்டும்.