ஊரடங்கு அறிவித்ததும் விமான நிலையத்துக்கு ஓட வேண்டுமா?

கேள்வி: என் மகன் வேலை பார்க்கும் நாட்டில் போராட்டம் வெடித்து, அவசரநிலையும் இரவு ஊரடங்கும் அறிவித்திருக்கிறார்கள். “எப்படியாவது ஏர்போர்ட்டுக்குப் போ, கிடைக்கிற விமானத்தில் ஏறு” என்கிறோம். அவனோ அறையை விட்டு நகர மாட்டேன் என்கிறான். யார் சொல்வது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வதுதான் சரி. கையில் உறுதியான டிக்கெட் வேண்டும். அந்த விமானம் கிளம்புகிறது என்ற தகவல் வேண்டும். பகல் வெளிச்சத்திலேயே போய்ச் சேர நேரமும் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவர் வெளியே வர வேண்டாம்.

2011 ஜனவரியில், அரசுக்கு எதிரான போராட்டம் வெடித்தபோது, நான் எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் கணக்கு வேலையில் இருந்தேன். குடியிருந்தது தொக்கி பகுதியில். நைல் ஆற்றைத் தாண்டினால் போராட்டத்தின் மையமான தஹ்ரிர் சதுக்கம். 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை இணையமும் இல்லை, செல்போனும் இல்லை. லேண்ட்லைன் மட்டும் வேலை செய்தது. ஆனால் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் இரண்டே இரண்டு. அன்றிலிருந்து முக்கியமான எண்களைத் தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்திருக்கிறேன்.

அன்று மாலை 6 மணி முதல் ஊரடங்கு என்றார்கள். மறுநாள் 4 மணிக்கே என்றார்கள். திங்கட்கிழமை அது 3 மணியானது. இதைத்தான் வெளியூர்க்காரர்கள் கவனிப்பதில்லை. நேற்றைய நேரம் இன்றைக்குச் செல்லாது. என்னோடு வேலை செய்தவர் சனிக்கிழமை, 6 மணி வரை நேரமிருக்கிறது என்று நினைத்து மதியம் இரண்டரைக்கு டாக்சி பிடித்தார். நேரம் மாறியது அவருக்குத் தெரியாது. வழியில் ஏழு இடத்தில் நிறுத்தினார்கள். இருட்டிய பிறகுதான் விமான நிலையம் போய்ச் சேர்ந்தார். அவருடைய விமானம் ரத்தாகியிருந்தது, திரும்பி வரவும் வழியில்லை. இரண்டு இரவு தரையில் படுத்திருந்தார்.

நான் வீட்டிலேயே இருந்தேன். 28-ஆம் தேதி இரவு தெருக்களில் போலீஸ் காணாமல் போனது. பக்கத்து வீட்டுப் பையன்கள் தடியோடு இறங்கிக் காவல் நின்றார்கள். ‘லிஜான் ஷஅபியா’, அதாவது மக்கள் குழுக்கள் என்று பெயர். எங்கள் கட்டடத்துக் காவலாளியை அங்கே ‘பவ்வாப்’ என்பார்கள். அவர்தான் என்னை அந்தப் பையன்களிடம் அழைத்துப் போய், “இவர் நம் கட்டடத்து ஆள்” என்று சொல்லி வைத்தார். இரண்டு வருஷமாக அவருக்குத் தினமும் ஸலாம் சொல்லி வந்தேன், அவ்வளவுதான். உங்கள் மகனிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: கீழ்வீட்டுக்காரர் பெயர் தெரியுமா, காவலாளிக்கு உன்னைத் தெரியுமா? தெரியாது என்றால் இன்று பகலிலேயே போய்ப் பேசச் சொல்லுங்கள்.

வழியில் எங்காவது தடுத்தால், இருட்டென்றால் வண்டியின் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, கைகள் தெரியும்படி உட்கார வேண்டும். “அனா ஹிந்தி” என்பேன். அரபியில் ‘நான் இந்தியன்’ என்று பொருள். கைப்பேசியை மட்டும் வெளியே எடுக்கவே மாட்டேன். பிப்ரவரி 2, 3 தேதிகளில் வெளிநாட்டுக்காரர் எல்லோரும் உளவாளி என்ற பேச்சு பரவி, கேமரா வைத்திருந்த பத்திரிகையாளர்கள் அடி வாங்கினார்கள். சிப்பாயையோ, டாங்கியையோ, கூட்டத்தையோ மொட்டைமாடியிலிருந்துகூடப் படம் எடுக்க வேண்டாம்.

பணம் இன்னொரு கவலை. வங்கிகள் பிப்ரவரி 6 வரை திறக்கவில்லை, ஏடிஎம்கள் அதற்கு முன்பே காலி. சில்லறை நோட்டுகளாக ஒரு வாரச் செலவுக்கு வீட்டில் இருக்கட்டும். குடிநீரும் தினமும் போடும் மாத்திரைகளும் அதே கணக்கில்.

பிப்ரவரி 8 காலையில் நான் கிளம்பினேன். டிக்கெட் உறுதியான பிறகு, பவ்வாப்பின் மைத்துனர் ஓட்டிய வண்டியில்.

அம்மா, நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. தூதரகத்தில் அவர் பதிவு செய்துவிட்டாரா என்று கேளுங்கள். வீட்டு முகவரி, வீட்டுக்காரர் எண், லேண்ட்லைன் எண் மூன்றையும் வாங்கி வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அழைப்பு வரவில்லையென்றால் உடனே கலங்கிவிடாதீர்கள். 2024 ஜூலையில் வங்கதேசத்தில் மொபைல் இணையம் பத்து நாள் இல்லை. அங்கே படித்த எத்தனையோ பிள்ளைகளின் பெற்றோர் தவித்துப் போனார்கள். வாட்ஸ்ஆப் ஓடாதபோது சாதாரண அழைப்பை முயன்று பாருங்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் கலவர வீடியோக்களை மட்டும் அவருக்கு அனுப்பாதீர்கள். பயத்தில் அவர் வெளியே ஓடுவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

கேள்வி: பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்திருக்கிறார். கலவரம் வந்தால் என்ன செய்வது?
– ஒரு வாசகர்

பதில்: அமைதியாக இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். இந்தியப் பாஸ்போர்ட், 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய அரசின் சொத்து. முதலாளி பிடித்துவைக்க அதில் இடமில்லை. 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை தொடங்கியபோது, விசாவுக்காகக் கார்ட்டூமில் தூதரகங்களிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்த சூடானியர் பலர் அவை இல்லாமலே தவித்தார்கள். தூதரகங்கள் மூடிப் போய்விட்டன, பாஸ்போர்ட்டுகள் உள்ளேயே கிடந்தன. அதனால் நிலைமை சரியில்லாத இடத்தில் எதற்காகவும் பாஸ்போர்ட்டைக் கைவிட்டுக் கொடுக்காதீர்கள். தொலைந்தே போனால், ஒருமுறை நாடு திரும்புவதற்கான அவசரச் சான்றிதழை நம் தூதரகம் தரும். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இருந்தால் அந்த வேலை சீக்கிரம் முடியும்.

கேள்வி: ஊரடங்கில் வெளியே இருந்ததற்காகப் பிடித்துவிட்டால்?
– ஒரு மாணவி

பதில்: எதிர்த்துப் பேசாதே, ஓடாதே அம்மா. “என் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்” என்று திரும்பத் திரும்பக் கேள். தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவு தரும் உரிமை அது. ஆனால் நீ கேட்டால்தான் தகவல் போகும். படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை, நீ இருக்கும் நாட்டு மொழியில் இப்போதே எழுதிப் பையில் வைத்துக்கொள்.