சிம்ஸ் 4 விளையாட்டை முழுமையாக அனுபவிக்க எல்லா எக்ஸ்பான்ஷன் பேக்குகளையும் வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. சிம்ஸ் 4 என்பது, வீடு கட்டி, அதில் சிம்கள் என்ற பாத்திரங்களின் குடும்பத்தை நடத்தும் விளையாட்டு; எக்ஸ்பான்ஷன் பேக்குகள் அதற்குத் தனியாக விற்கப்படும் பெரிய கூடுதல் பகுதிகள். அடிப்படை விளையாட்டை இலவசமாக இறக்கி விளையாடிவருவதாகவும், பேக்குகள் இல்லாததால் பாதியைத்தான் பார்க்கிறோமோ என்ற ஐயம் வந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாப் பேக்குகளையும் நிறுவிவைத்திருப்பவர்களின் யூடியூப் காணொளிகளைப் பார்த்த பிறகே இந்த ஐயம் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். 2025 ஜூலை வரை சிம்ஸ் 4-க்கு வந்த எக்ஸ்பான்ஷன் பேக்குகள் மட்டுமே 19. அப்போது ஒன்றின் அமெரிக்க விலை 39.99 டாலராக இருந்ததால், தள்ளுபடியின்றி எல்லாவற்றையும் வாங்க 750 டாலருக்கு மேல் ஆகியிருக்கும். இவற்றைவிடச் சிறிய சேர்க்கைகளான, ஏறத்தாழ 20 டாலர் விலையுள்ள கேம் பேக்குகள், 10 டாலர் ஸ்டஃப் பேக்குகள், 2021 முதல் வரும் 5 டாலர் கிட்டுகள் ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை. மாதச் சம்பளத்தில் வாழும் எவருக்கும் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

அதற்காக, ஒன்றையும் வாங்காதீர்கள் என்று சொல்பவர்களின் கட்சியிலும் நான் இல்லை. "வளர்ந்த பெண் பொம்மை வீட்டுக்குப் பணம் கட்டுகிறாளா?" என்று கேட்பவர்கள் இந்தப் பதிலின் கீழும் வருவார்கள் என்பது தெரியும்; என் சம்பாத்தியத்தில் வாங்கினேன், யாரிடமும் கடன் கேட்கவில்லை என்பதோடு அவர்களுக்கான பதிலை முடித்துக்கொள்கிறேன். இந்த விளையாட்டு பிறந்த கதையே ஒரு வீட்டைப் பற்றியதுதான். 1991-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பரவிய தீயில், சிம்ஸை உருவாக்கிய வில் ரைட்டின் வீடு எரிந்துபோனது. அன்றாட வாழ்க்கையை மறுபடியும் அமைக்க எந்தெந்தப் பொருள்கள் வேண்டும், அவை ஏன் வேண்டும் என்று அவர் யோசித்ததில் முளைத்த எண்ணமே 2000-இல் வெளிவந்த முதல் சிம்ஸ் ஆயிற்று. பேக்குகளையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். ஏற்கெனவே நான் நடத்திவரும் குடும்பத்தின் சாதாரண நாளை ஒரு பேக் மாற்றுகிறதா, அல்லது போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு ஓர் ஊரை மட்டும் கொடுக்கிறதா என்பதே நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

அந்த அளவுகோலில் முதலிடம், 2018 ஜூனில் வந்த, விளையாட்டுக்குள் பருவங்களைக் கொண்டுவரும் சீசன்ஸுக்குத்தான். நான் அதை வாங்கியபோது என் அக்கா, "ஜன்னலைத் திறந்தா மழை சும்மா கிடைக்குது, அதைப் போய்க் காசு குடுத்து வாங்குவியா?" என்று கேட்டாள். ஆனால் அதில் வாங்குவது மழையை மட்டும் அல்ல. பருவத்துக்கு ஏற்ற உடை வேண்டியிருக்கிறது. கடுங்குளிரிலும் கடும் வெயிலிலும் பொருந்தாத உடையோடு வெளியே விடப்பட்ட சிம் இறந்தே போகலாம். தோட்டத்துச் செடிகள் அவற்றுக்குரிய பருவத்தில் மட்டுமே காய்ப்பதால், ஆண்டு முழுவதும் அறுவடை வேண்டுமானால் கூரையுள்ள செடிவீடு கட்ட வேண்டியிருக்கிறது. ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்பக் கூடக்குறைய இருந்தாலும், இவை எல்லா ஊர்களிலும், எல்லாக் குடும்பங்களுக்கும், நீங்கள் வேறு எந்தப் பேக் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கும்.

அந்தப் பேக்கில் எனக்கு மிகவும் பிடித்தது நாள்காட்டி. ஒரு பருவம் 7 நாள் என்று வைத்தால் ஆண்டுக்கு 28 நாள். அதில் நாமே பண்டிகை உண்டாக்கி, பெயரிட்டு, அன்றைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, பள்ளிக்கும் வேலைக்கும் விடுமுறையும் விடலாம். அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளும் நானும் உட்கார்ந்து அதில் பொங்கலைச் சேர்த்தோம். வீட்டை அலங்கரிப்பது, விருந்தினரை அழைப்பது, பெருவிருந்து சமைப்பது, நன்றி சொல்வது ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தோம். சூரியனுக்கு நன்றி சொல்லும் நாளுக்கு அந்தக் கடைசித் தேர்வு நன்றாகவே பொருந்தியது. தை மாதம் என்பதால் குளிர்காலத்தின் கடைசி நாளில் வைத்தோம். அந்தக் குடும்பம் குடியிருந்த வில்லோ கிரீக் ஊரில் அன்று பனி கொட்டியது. "சித்தி, பொங்கலுக்கு யாராவது கோட்டு போட்டுக்கிட்டு நிப்பாங்களா?" என்று அவள் சிரித்த சிரிப்பில், பனியே பெய்யாத பாலைவன ஊரான ஓயசிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அந்தக் குடும்பத்தையே குடிமாற்றினோம். விளையாட்டின் அடுத்த ஆண்டுப் பொங்கல் நல்ல வெயிலில் நடந்தது, மேசையின் நடுவில் வான்கோழி வறுவலோடு. பண்டிகை சரியாக நடந்ததா என்று நாள் முடிவில் விளையாட்டே மதிப்பிட்டுச் சிம்களின் மனநிலையை மாற்றும் என்பதால், அந்த வான்கோழியை நாங்கள் ஒதுக்கவும் முடியவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, 2019-இல் வந்த ஐலண்ட் லிவிங்கைச் சொல்லலாம். அதில் வரும் தீவு ஊரான சுலானியின் கடலைப் போல அழகான காட்சி இந்த விளையாட்டில் வேறில்லை. ஆனால் என் குடும்பங்கள் அங்கே போய்க் குளித்துவிட்டு வீடு திரும்பியதும் அந்தப் பேக்கின் வேலை முடிந்துவிட்டது. தீவிலேயே குடியிருந்து விளையாடுபவர்கள் மாறாகச் சொல்வார்கள், அவர்கள் சொல்வதும் நியாயமே. 2021-இன் காட்டேஜ் லிவிங் வேறு வகை. கோழி, பசு வளர்ப்பதோடு, வீட்டில் பொருள் இருந்தால்தான் சமைக்க முடியும் என்ற விதியை எந்த ஊரின் எந்த வீட்டுக்கும் அதில் போட்டுக்கொள்ளலாம். தக்காளி தீர்ந்துவிட்டதே என்று கவலைப்படும் விளையாட்டு எல்லோருக்கும் பிடிக்காது, எனக்குப் பிடித்தது.

என் மனக்குறை செல்லப்பிராணிகள் விஷயத்தில். 2002-இல் அன்லீஷ்ட், 2006-இல் பெட்ஸ், 2011-இல் மறுபடி பெட்ஸ், 2017-இல் கேட்ஸ் அண்ட் டாக்ஸ் என்று முதல் சிம்ஸ் தொடங்கிச் சிம்ஸ் 4 வரை நான்கு தலைமுறையிலும் இதே ஆசையை நமக்கு விற்றார்கள். ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக எழுதப்பட்ட விளையாட்டு, பழைய பேக் அதில் ஓடாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் சிம்ஸ் 3-இல் நாய், பூனை, குதிரை மூன்றும் ஒரே பேக்கில் கிடைத்தன, அவற்றை நாமே இயக்கவும் முடிந்தது. சிம்ஸ் 4-இல் நாயையும் பூனையையும் நேரடியாக இயக்க முடியாது. குதிரை வேண்டுமானால் 2023-இல் வந்த ஹார்ஸ் ராஞ்சை முழு விலைக்குத் தனியாக வாங்க வேண்டும். 2018-இல் வந்த மை ஃபர்ஸ்ட் பெட் ஸ்டஃப் இன்னும் மோசம்: அதன் பெரும்பகுதி பயன்பட வேண்டுமானால் கேட்ஸ் அண்ட் டாக்ஸ் ஏற்கெனவே உங்களிடம் இருக்க வேண்டும். இதை விளையாட்டின் மீதான வெறுப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இத்தனை ஆண்டுகள் விளையாடியவளுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு.

பணம் கொடுக்கும் முன், அதே பொருள் இலவசமாக வருகிறதா என்றும் பாருங்கள். 2014 செப்டம்பரில் சிம்ஸ் 4 வெளியானபோது நீச்சல் குளமும் இல்லை, தவழ்ந்து நடக்கும் வயதுக் குழந்தைகளும் இல்லை. குளம் அதே ஆண்டு நவம்பரிலும், குழந்தைகள் 2017 ஜனவரியிலும் எல்லோருக்கும் இலவசமாக வந்தார்கள். 2023 மார்ச்சில், குடும்ப உறவுகளைப் பற்றிய குரோயிங் டுகெதர் பேக் வந்தபோதும், கைக்குழந்தைப் பருவம் இலவசப் புதுப்பிப்பாகவே கிடைத்தது. பேக்கைத் திறக்கும் குறியீட்டு எண்ணை மலிவு விலைக்கு விற்கும் தளங்களின் பக்கம் போகாதீர்கள். அப்படி ஒரு தளத்தில் நான் வாங்கிய எண் வேறு நாட்டுக்குரியது என்று நிராகரிக்கப்பட்டது, பணமும் திரும்பவில்லை, எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதிலும் இல்லை.

அதிகாரப்பூர்வக் கடையிலேயே பாதி விலைத் தள்ளுபடி அடிக்கடி வரும். அப்போது சீசன்ஸை மட்டும் வாங்கி, இப்போது வைத்திருக்கும் அதே குடும்பத்தை அதில் ஓராண்டு நடத்திப் பாருங்கள். அதற்குள் உங்கள் நேரம் பெரும்பாலும் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று உறவுகளில் கழிந்தால் அடுத்தது குரோயிங் டுகெதர்; தோட்டத்தில் கழிந்தால் காட்டேஜ் லிவிங். ஹார்ஸ் ராஞ்சை நான் இன்னும் வாங்கவில்லை, வாங்குவதாகவும் இல்லை.