உறவினர் வாட்ஸ்அப் குழுவில் வரும் தவறான தகவல்களைத் திருத்தப் போவது வீண் வேலையா?

கேள்வி கேட்டவர் ஏற்கெனவே ஒருமுறை திருத்தப் போய், "பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வராது. நானும் வாங்கியவன்தான். ஆனால் என் விஷயத்தில் தப்பு அவர்கள் பக்கம் மட்டும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பக் குழுவில் 63 பேர். பாதிப் பேர் திண்டிவனத்தைச் சுற்றி இருக்கிறார்கள், மீதி சென்னை, ஓசூர், இரண்டு பேர் துபாய். குழுவின் முகப்புப் படத்தில் எங்கள் தாத்தா குப்புசாமி, சட்டையில்லாமல், தோளில் துண்டோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். 94 வயது வரை இருந்த மனிதர். குழுவை நடத்துவது பெரியப்பா.

போன வருஷம் அவர் ஒரு செய்தியைத் தள்ளிவிட்டார். "நம் முன்னோர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. ஊசி போட்டதில்லை. கூழும் களியும் தின்று நூறு வயது வாழ்ந்தார்கள். சிந்திப்பீர்!" அதன் கீழே பெரியப்பா தன் கைப்பட, "நம்ம அப்பாவே சாட்சி" என்று சேர்த்திருந்தார்.

வழக்கமாக இதையெல்லாம் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவேன். திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள் மூன்று வினாடி நின்று போகிறது என்று வருஷத்துக்கு இரண்டு முறையாவது வரும். அந்த உயரத்தில் நின்றால் கீழே அல்லவா விழும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதை நம்புவதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

இந்த முறை அப்படி விட முடியவில்லை. சித்தப்பா மகளுக்குக் குழந்தை பிறந்து அப்போது ஐந்து வாரம். அவள் பெரியப்பா செய்திக்குக் கீழே கைகூப்பிவிட்டு, "உண்மைதான் பெரியப்பா, நாங்களும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கோம்" என்று எழுதியிருந்தாள். யோசிப்பது எதை என்று எனக்குப் புரிந்தது. ஆறாவது வாரம்தான் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசியின் முதல் தவணை. அப்புறம் பத்தாவது வாரம், பதினாலாவது வாரம். தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ், மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமியால் வரும் நிமோனியா, மூளைக்காய்ச்சல் எல்லாம் அதில் அடக்கம்.

உடனே எழுதினேன். "சுதந்திரம் வாங்கியபோது இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. இப்போது 70. இதுதான் உங்கள் பொற்காலம்." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அந்தப் பொம்மையையாவது போடாமல் இருந்திருக்கலாம்.

பெரியப்பா இரண்டே நிமிஷத்தில் பதில் போட்டார். "தம்பி, எங்க அப்பா 94. பக்கத்து வீட்டு நாட்டாமை 88. எதிர் வீட்டுக் கிழவி 91, இப்பவும் முறுக்கு தின்னுது. நம்ம தெருவுல 32 வயசுல செத்தது யாரு? பேர் சொல்லு." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதில் ஒன்று என் சொந்தத் தம்பியுடையது.

எனக்குப் பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த 32 எனக்கே புரிந்திருக்கவில்லை. எங்கோ படித்தது, வாகாக இருந்தது, எடுத்து வீசினேன். அந்தக் காலத்தில் 32 வயதிலேயே கிழடாகிச் செத்துப்போனார்கள் என்பது போலத்தான் என் மனதிலும் இருந்தது. அவர் தள்ளிவிட்ட செய்திக்கும் நான் வீசிய எண்ணுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவன். அன்று ராத்திரி ஒரு பழைய எடைச்சீட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள். இரண்டு, பிறந்த சில நாளில் போய்விடுகின்றன. மூன்று பேர் 60 வயது வரை இருக்கிறார்கள். மூன்று அறுபது 180. ஐந்தால் வகுத்தால் 36. அந்த வீட்டில் 36 வயதில் செத்தவர் ஒருவர்கூடக் கிடையாது, ஆனாலும் சராசரி 36. பெரியப்பா கேட்ட பெயரை எப்படிச் சொல்வது? தொட்டிலோடு போன பிள்ளைகளுக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். தெருவில் யார் யார் கிழமாக இருக்கிறார்கள் என்று எண்ணினால் பிழைத்தவர்கள் மட்டும்தான் கணக்கில் வருவார்கள்.

இதை எழுதிப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பெரிய அத்தையின் குரல் பதிவு வந்தது. அத்தை பெரியப்பாவுக்கு மூத்தவர். எழுத மாட்டார், பேசித்தான் அனுப்புவார். நாலு நிமிஷப் பதிவு, பின்னால் கோழி கத்துகிறது.

"ஏன்டா தம்பி, அப்பாவுக்குக் குப்புசாமின்னு ஏன் பேரு வச்சாங்கன்னு உனக்குத் தெரியாதா? அவருக்கு முன்னாடி மூணு பொறந்துச்சு, மூணும் தங்கல. ரெண்டு பொறந்து ஏழெட்டு நாள்லயே ஜன்னி கண்டு போயிடுச்சு, ஒண்ணு அம்மையில போச்சு. இவரு பொறந்ததும் குப்பைமேட்டுல போட்டுப் பொரட்டி எடுத்தாங்களாம், எமன் பாத்தா குப்பைன்னு விட்டுட்டுப் போவட்டும்னு. ஆயா சொல்லி அழுவும். நீ என்னமோ எல்லாரும் நூறு வயசு இருந்தாங்கங்கறே."

அந்தப் பெயர் என் வாக்காளர் அட்டையில்கூட அப்பா பெயருக்கு முன்னால் எழுத்தாக நிற்கிறது. ஒருநாளும் யோசித்ததில்லை. குப்பன், குப்பம்மாள், பிச்சை எல்லாமே பெரும்பாலும் இந்த வகைதான். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டுத் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்களாம். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று நாம் பிள்ளைகளைக் கேலி செய்வது அங்கிருந்து வந்ததுதான். அத்தை சொன்ன ஏழெட்டு நாள் ஜன்னி, அனேகமாகத் தொப்புள்கொடியை அரிவாளால் அறுத்ததில் வந்த டெட்டனஸ். கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டும், பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தும்தான் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் அது ஒழிந்தது என்று அறிவித்தது 2015இல்தான். 1971இல்கூட நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் இறந்தன. 2020இல் அது 28, தமிழ்நாட்டில் 13.

பதிவின் கடைசியில் அத்தை இன்னொன்றும் சொன்னார். அம்மை குத்துகிறவன், அதாவது பெரியம்மைத் தடுப்பூசி போடுகிறவன், ஊருக்குள் வந்தால் பிள்ளைகள் வைக்கோல் போருக்குள் ஒளிந்துகொள்வார்களாம். அதைக் கேட்டதும் முகப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாத்தாவின் இடது கையில், துண்டுக்குக் கொஞ்சம் கீழே, காலணா அளவில் இரண்டு வட்டத் தழும்பு. அவர் கிணற்றடியில் குளிக்கும்போது அதில் விரலை வைத்து அழுத்தி விளையாடியவன் நான். ஊசியே போடாத மனிதர் என்று பெரியப்பா சொன்னபோது எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

இங்கே சிலர் வருவார்கள் என்று தெரியும். "அப்போ கூழ் கெட்டதா?" இல்லை. வெயில் காலத்தில் கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும் இல்லாமல் எனக்கே ஓடாது. அந்தக் காலத்து உழைப்பு இப்போது இல்லை, சர்க்கரை நோய் கூடியிருக்கிறது என்பதும் சரிதான். மருந்துக் கம்பெனி எனக்குக் காசு கொடுத்ததா என்று கேட்பவர்களுக்கு, ஆலை முதலாளியே இரண்டு மாதமாக ஒழுங்காகத் தரவில்லை.

பெரியப்பா அத்தையின் பதிவுக்குப் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை ரோஜாப்பூப் படத்தோடு "இனிய காலை வணக்கம்" வந்தது. அது அவர் வழக்கம். மூன்று வருஷம் முன்னால் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் வசூலித்தார். கணக்கு எங்கே என்று நான் கேட்டபோதும் இதே ரோஜாப்பூதான் வந்தது. என்னிடம் செத்தவர் பெயரைக் கேட்கிறவர், பந்தல்காரன் ரசீதைக் காட்ட மாட்டார். கேட்டால் தெய்வ காரியத்தில் கணக்கு பார்க்கக் கூடாதாம். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். இருந்தாலும் 5,000 ரூபாய்.

வீண் வேலையா என்று கேட்டீர்கள். பெரியப்பா மட்டில் வீண்தான். அதே செய்தி வேறு படத்தோடு போன மாதமும் வந்தது. ஆனால் அன்று ராத்திரி பதினொரு மணிக்குச் சித்தப்பா மகள் தனியாகச் செய்தி அனுப்பினாள். "அண்ணா, ஊசி போட்டா காய்ச்சல் வருமாமே?" வரலாம், ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும், எவ்வளவு பாராசிட்டமால் என்று நர்ஸம்மாவிடமே கேட்டுக்கொள் என்றேன். என் வீட்டு இரண்டுக்கும் அப்படித்தான் போட்டோம்.

அடுத்த புதன்கிழமை அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டாள். ஒரு ராத்திரி சிணுங்கல், மறுநாள் சரியாகிவிட்டது. குழுவில் சொல்ல வேண்டாம், பெரியப்பா வருத்தப்படுவார் என்றாள். சரி என்றேன். மூன்று தவணையும் முடிந்துவிட்டது. இன்றுவரை அவருக்குத் தெரியாது. இந்தத் தளத்துப் பக்கம் வரமாட்டார் என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.